துபாய் டிக்கெட்டைப் பதினைந்து நாள் முன்னுக்கு மாற்றினேன்

2024 அக்டோபர் 5, திருவனந்தபுரத்திலிருந்து துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்தேன். அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாதே என்று நிம்மதியாக இருந்தேன். மார்த்தாண்டத்து ஆடிட்டர் அண்ணன் சுவர்க் காலண்டரை இறக்கி, ஏப்ரல் 1-லிருந்து பென்சிலால் எண்ணினார். 188 நாள்!

"மக்ளே, நிதியாண்டுல 182 நாள் இங்க இருந்துட்டா, துபாய் சம்பளத்துக்கும் இங்க வரி கட்டணும்."

அன்றைக்கே செப்டம்பர் 20-க்கு மாற்றினேன், 173 நாள். கூடுதல் பணம் போனது, போகட்டும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்த பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக்கியாச்சு. வீட்டு வாடகை அதில்தான் வருகிறது, அதற்கு இங்கே வரி உண்டு. சம்பளம் என்ஆர்இ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே போட்டு வைக்கும் கணக்குக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை.