ஆலோசகர், பதிவாளர், ஆணையர்: மலாயாக் கோப்புகளில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஆய்வு மாணவி ஒருவர், பிரிட்டிஷ் கால மலாயாவின் தொழிலாளர் கோப்புகளை வைத்து எழுதிய தன் முதல் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்திலேயே பதினைந்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தவறு, ஏறக்குறைய அதே வாக்கியத்தில். ஆண்டைச் சரிபாருங்கள், கையெழுத்தை நிதானமாகப் படியுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

மூன்று நாற்காலிகளை ஒன்றாக்குவது

போருக்குப் பிந்திய மலாயாவில் தொழிலாளர் விவகாரம் மூன்று மேசைகளுக்குப் போனது. தொழிலாளர் ஆணையர் சிவில் சர்வீஸ்காரர். தோட்டங்களைப் பார்வையிடுவார், சம்பளத் தகராறைப் பேசித் தீர்ப்பார். சங்கத்தைப் பதிவு செய்வதும் மறுப்பதும் ரத்து செய்வதும் தொழிற்சங்கப் பதிவாளர் கையில். தொழிற்சங்க ஆலோசகர்தான் புதிய ஆசாமி. 1945 கடைசியில் வந்த ஜான் பிரேஸியர் பிரிட்டனின் ரயில்வே தொழிற்சங்கத்தில் இருந்தவர். சந்தா வாங்குவது, கணக்கு எழுதுவது, விதிகள் வகுப்பது, முதலாளியிடம் பேரம் பேசுவது, இதையெல்லாம் கற்றுக்கொடுக்க வந்தவரே தவிர, தடை போட வந்தவரல்ல.

நானோ "1948இல் பிரேஸியர் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தை ரத்து செய்தார்" என்று எழுதி, அச்சாகியும் விட்டது. கிள்ளானில் ஒரு கூட்டத்தில் அதையே பெருமையாகச் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த பழைய தோட்டச் சங்கக்காரர் எழுந்தார்: "தம்பி, அவர் கையில முத்திரை ஏது? ரத்து பண்ணது பதிவாளர் இல்லையா?"

சபை சிரித்தது. சிரிப்பு போகட்டும். நண்பனாக வந்தவரே கழுத்தை நெரித்தார் என்பதுதான் என் கட்டுரையின் மொத்த வாதம். மூன்று மாதம் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. 1948 ஜூனில் நடந்தது சட்டத் திருத்தம்: சங்கப் பொறுப்புக்கு அந்தத் தொழிலில் 3 ஆண்டு அனுபவம் வேண்டும், சம்மேளனம் என்றால் ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்களுக்குள் மட்டும். பல தொழில்களைச் சேர்த்துக் கட்டிய சம்மேளனம் அதோடு முடிந்தது. அதன் தலைவர் கணபதி 1949 மே மாதம் கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டது துப்பாக்கி வைத்திருந்த வழக்கில், அவசரகாலச் சட்டத்தின் கீழ். அதையும் ஆலோசகர் தலையில் கட்டுபவர்கள் உண்டு!

பிரேஸியர் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. சம்மேளனத்தின் பிடியிலிருந்து சங்கங்களைப் பிரிக்க அவர் பாடுபட்டார். ஆனால் யோசனை சொன்னவர் வேறு, ஒப்பமிட்டவர் வேறு. கோப்பைத் திறந்ததும் உத்தரவின் அடியில் எந்தப் பதவிப் பெயர், எந்தச் சட்டப் பிரிவு என்று பாருங்கள். எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான்: அந்த வரி என் கண் முன்னாலேயே இருந்தது, நான் தாண்டிப் போனேன்.

மலாயாவை எல்லா ஊருக்கும் பொருத்துவது

கென்யாவின் ஜேம்ஸ் பேட்ரிக், வட ரொடீசியாவின் (இன்றைய ஜாம்பியா) வில்லியம் கோம்ரி, இருவரும் 1947இல் பிரிட்டனிலிருந்து போன தொழிற்சங்கக்காரர்கள். அவர்கள் உட்கார்ந்தது தொழிலாளர் இலாகாவுக்குள்ளேயே. பிரேஸியருக்குத் தனி அலுவலகம்.

1930 சுற்றறிக்கையைச் சட்டம் என்பது

தொழிற்சங்கங்களைச் சட்டப்படி அனுமதியுங்கள் என்று அன்றைய பிரிட்டிஷ் காலனி அமைச்சர் பாஸ்ஃபீல்டு பிரபு காலனிகளுக்கு அனுப்பியது அறிவுரை. மலாயாவில் சட்டம் எழுதவே 1940 ஆயிற்று, அமலாக 1946.

தமிழ் பேசிய துரையை நம்மவர் ஆக்குவது

தொழிலாளர் இலாகாவுக்குப் போகும் இளம் அதிகாரிகளைத் தமிழ் படிக்க மதராஸுக்கு அனுப்பினார்கள். ஆகவே தமிழ் தெரிந்த அதிகாரி கூலிகளின் பக்கம் என்று எழுதிவிடுகிறோம். 1907இல் தொடங்கிய குடியேற்ற நிதிதான் கங்காணிகள் திரட்டிய ஆட்களுக்குக் கப்பல் கட்டணம் கொடுத்தது; அதை நடத்திய குழுவுக்குத் தலைமை வகித்தவரும் இலாகாத் தலைவரே. தோட்டத்திலிருந்து கூலி போதவில்லை என்று வந்த மனுவும், ஆள் எடுக்கப் பணம் ஒதுக்கும் தீர்மானமும் ஒரே மேசைக்குத்தான் போயின.