பிளாஸ்டிக் கழிவுக்குத் தேசியக் கூட்டமைப்பு: அமைப்பது எப்படி, சறுக்குவது எங்கே

அரசு, தொழில் நிறுவனங்கள், உள்ளாட்சிகள், மறுசுழற்சிக்காரர்கள், தொண்டு அமைப்புகள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பிளாஸ்டிக் கழிவுக்குத் திட்டம் போடும் தேசியக் கூட்டமைப்பை இந்தோனேசியா 2019இல் தொடங்கியது. அதே ஆண்டு கானாவும், அடுத்த ஆண்டு வியட்நாமும் இதே வழிக்கு வந்தன. கூட்டம் கூட்டுவது பெரிய காரியமில்லை. விலை போகாத பிளாஸ்டிக்கை யார் காசில் அள்ளுவது என்ற கேள்விக்கு அந்தக் கூட்டம் பதில் சொல்கிறதா என்பதுதான் விஷயம்.

யார் யார் வேண்டும்

சுற்றுச்சூழல் அமைச்சகத்தை மட்டும் நம்பி ஆரம்பித்தால் அறிக்கையோடு நின்றுவிடும். நிதி அமைச்சகமும் உள்ளாட்சித் துறையும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். குப்பை அள்ளும் வேலையும் அதற்கான செலவும் அவர்கள் கையில்தான். தயாரிப்பாளர்களோடு இறக்குமதியாளர்களையும் சேருங்கள். குப்பை பொறுக்குவோரின் சங்கமும் பழைய பொருள் மொத்த வியாபாரிகளும் வாக்குரிமையோடு உட்கார வேண்டும். அவர்களைப் பார்வையாளராக ஓரத்தில் வைத்தால், எந்த ரகம் எவ்வளவு, எங்கே போகிறது என்ற தகவல் ஒருபோதும் கைக்கு வராது. தரவுக் குழுவின் தலைமையை மட்டும் எந்த நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள்.

முதலில் எடை போடுங்கள்

கொள்கைப் பேச்சுக்கு முன்னால் அடிப்படை அளவீடு முடிய வேண்டும். ஐ.நா. வாழ்விட அமைப்பு நகரங்களுக்குத் தந்திருக்கும் முறை இதற்குப் போதும். வசதியான, நடுத்தர, ஏழைப் பகுதிகளில் தலா மூன்று இடங்கள். இடத்துக்கு 10 வீடுகள். ஆக 90 வீடுகள். எட்டு நாள் தொடர்ந்து குப்பையை வாங்குங்கள். முதல் நாள் வருவது வீட்டில் தேங்கிக் கிடந்த குப்பை, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு பையிலும் வீட்டு எண் எழுதியிருக்க வேண்டும். எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதும் தனியே பதிவாக வேண்டும். தொங்கு தராசில் எடை பார்த்தபின் தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, குவியலை நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளைத் தள்ளிவிட்டு மிச்சத்தை மறுபடி கலக்குங்கள். கையால் பிரிக்கக்கூடிய அளவுக்கு வரும்வரை இதையே செய்யலாம்.

பிரிக்கும்போது ‘பிளாஸ்டிக்’ என்று ஒரே குவியல் போட்டால் உழைப்பெல்லாம் வீண். பெட் பாட்டில் (தண்ணீர், குளிர்பானம் வருவது), கெட்டி டப்பா, மெல்லிய பை, பல அடுக்கு பாக்கெட், தெர்மாகோல், மற்றவை என்று குறைந்தது ஆறு வகையாவது வேண்டும். மெல்லிய பையில்தான் எடை ஏமாற்றும்: சாம்பாரும் மண்ணும் ஈரமும் ஒட்டிய பை தராசில் கனமாகக் காட்டும். அதனால் கொஞ்சத்தை மாதிரியாக எடுத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி எடை பார்த்து, அந்த விகிதத்தால் மொத்தத்தைத் திருத்துங்கள். பண்டிகை வாரத்தையும் அடைமழையையும் தவிர்ப்பது நல்லது.

கணக்கு இப்படிப் போகும். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் தலைக்கு தினம் அரை கிலோ குப்பை, அதில் 12% பிளாஸ்டிக் என்று வையுங்கள்: நாளுக்கு 6 டன். மறுசுழற்சிக்குப் போவது 1 டன், முறையான குப்பைக் கிடங்குக்குப் போவது 2 டன் என்றால், மீதி 3 டன் எரிகிறது, புதைகிறது அல்லது கால்வாயில் இறங்குகிறது. மறுசுழற்சி எடையைச் சின்னக் கடையிலும் பெரிய கடையிலும் எடுத்தால் அதே பாட்டில் இரண்டு தடவை எண்ணப்படும். ஆலை வாசலிலோ கடைசி மொத்த வியாபாரியிடமோ மட்டும் எடுங்கள்.

எரிவது, புதைவது, கால்வாயில் இறங்குவது மூன்றையும் தனித்தனியாக மதிப்பிடுவது முக்கியம். இந்தோனேசியா 2017 நிலவரத்தை வைத்துச் செய்த கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 68 லட்சம் டன் பிளாஸ்டிக் கழிவு வந்தது. நீர்நிலைகளில் கலந்தது அதில் 9% அளவு, சுமார் 6.2 லட்சம் டன். திறந்தவெளியில் எரிக்கப்பட்டதோ கிட்டத்தட்ட பாதி. ஆற்றில் வலை கட்டுவதை மட்டும் திட்டமாக வைத்துக்கொள்கிறவர்கள் அந்தப் புகையை முழுக்கத் தவறவிடுகிறார்கள்.

ஆலைக்கு முன்னால் சேகரிப்பு

நன்கொடையாளர்களுக்கு இயந்திரம் பிடிக்கும், அதன் முன்னால் நின்று படம் எடுக்கலாம். ஆனால் அரை லிட்டர் பெட் பாட்டில் ஒன்று சுமார் 15 கிராம். தினம் 10 டன் அரைக்கும் ஆலைக்கு ஆறரை லட்சம் பாட்டில் வேண்டும். அள்ளும் வண்டியும் ஆளும் இல்லாத ஊரில் அந்த ஆலை ஓராண்டில் துருப்பிடிக்கும். முதல் பணம் வீடு வீடாகச் சேகரிப்பதற்கும், பிரிக்கும் கொட்டகைக்கும், மூடிய கிடங்குக்கும் போகட்டும். மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துவிட்டால் மீதி சுத்தமாக வரும், விலையும் கூடும்.

பெட் பாட்டிலோடு பி.வி.சி. (குழாய் செய்யும் பிளாஸ்டிக்) கலக்காமல் பாருங்கள். சிறிதளவு கலந்தாலும் உருக்கும்போது அமிலம் கிளம்பி மொத்தச் சரக்கும் மஞ்சளாகிவிடும். தண்ணீர்த் தொட்டியில் பை, கெட்டி டப்பா, பாட்டில் மூடி மிதக்கும், பெட், பி.வி.சி. இரண்டுமே மூழ்கும். ஆகவே இந்த இரண்டையும் தொட்டி பிரிக்காது, கண்ணும் கையும்தான் பிரிக்க வேண்டும்.

விலை போகாததற்குப் பணம்

ஷாம்பு சாஷே ஒன்று ஒரு கிராம் அளவு. ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் தடவை குனிய வேண்டும், வாங்க ஆளும் கிடையாது. யாரும் பொறுக்காததற்குக் காரணம் அதுதான். இந்த இடைவெளியைத் தயாரிப்பாளர் கட்டணம் நிரப்ப வேண்டும்: சந்தைக்கு விடும் ஒவ்வொரு டன்னுக்கும், மறுசுழற்சி செய்ய முடியாத பொதிக்கு (பொருளை அடைத்து வரும் உறைக்கு) அதிகமாக. வியட்நாமில் பொதிகளின் மறுசுழற்சிக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற விதி 2024 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. பணம் பொதுக் கருவூலத்தில் கலக்காமல் தனிக் கணக்கில் இருக்கும்படி சட்டத்திலேயே எழுதுங்கள். இயந்திரம் வாங்க ஒரு தடவை தருவதைவிட, கிலோவுக்கு இவ்வளவு என்று மாதாமாதம் தருவதே சேகரிப்பை ஓடவைக்கும்.

கிலோவுக்குக் காசு என்றதும் விற்க வரும் பிளாஸ்டிக் கட்டுகளில் ஈரமும் மணலும் கூடும். பத்துக் கட்டுக்கு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், ஈர வரம்பை ஒப்பந்தத்தில் வையுங்கள். இவ்வளவு டன் மறுசுழற்சி ஆனது என்று ஆலை தரும் சான்றிதழைத் தயாரிப்பாளர் வாங்கிக் காட்டும் முறை என்றால் மோசடி இன்னும் பெரிது. இந்தியாவில் 2023இல் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன. ஆலையின் மணிக்கான திறன், மின்கட்டண ரசீது, எடைமேடைச் சீட்டு, விற்பனைப் பட்டியல் நான்கும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள்.

தடை

மாற்று உடனே கிடைக்கும் பொருளை மட்டும் தடை செய்யுங்கள். வங்கதேசம் 2002லேயே மெல்லிய பைகளைத் தடை செய்தும் அவை மறையவில்லை. சட்டத்தைவிட அமலாக்கம்தான் பலவீனம். காய்கறி விற்பவரிடம் அபராதம் போடுவதால் பை குறையாது. பை ஊதும் பட்டறையின் உரிமத்தையும் மூலப்பொருள் வரவையும் பிடியுங்கள். பையின் தடிமனுக்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரம்பு வைத்தால் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தடிமன் அளவி கொடுக்க வேண்டும், 50க்கும் 75க்கும் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது.

மறு அளவீடு

ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே பகுதிகளில், அதே ஆறு வகைகளோடு எடுங்கள். இடையில் முறையை மாற்றியே தீர வேண்டுமென்றால் அந்த ஆண்டு பழைய முறையையும் புதியதையும் சேர்த்து ஓட்டி, இரண்டு எண்ணையும் வெளியிடுங்கள்.