உள்ளூர் நிருபராக இருந்து டிஜிட்டல் டெஸ்க்குக்கு: எதை முதலில் பழகுவது?

உள்ளூர் நிருபராகச் சில வருடம் ஓடியாடிய பிறகு டிஜிட்டல் செய்தி ஆசிரியர் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள், பெரும்பாலும் முதலில் தேடுவது எஸ்இஓ (தேடலில் செய்தி மேலே வரச் செய்யும் உத்தி) வகுப்பைத்தான். அது தேவைதான், ஆனால் இரண்டாவதாக வர வேண்டியது. சிஎம்எஸ்ஸில் (தளத்தில் செய்தியை வெளியிடும் மென்பொருள்) செய்தி ஏற்றுவது, படத்தை அளவுக்கு வெட்டுவது, டேக் போடுவது எல்லாம், செய்தியைத் திருத்தி வெளியிடும் டெஸ்க்கில் உட்கார்ந்த சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். இன்னொருவர் எழுதிய காப்பியை (செய்திப் பிரதியை) படித்ததும் அதில் எது இல்லை என்று கண்ணில் படுவது அவ்வளவு சீக்கிரம் வராது, அதனால் நிருபராக இருக்கும்போதே அதை ஆரம்பித்துவிடுங்கள்.

எப்படி என்றால், உங்கள் செய்தி ஒவ்வொன்றும் வெளியானதும் நீங்கள் அனுப்பிய காப்பியையும் டெஸ்க் போட்ட காப்பியையும் அருகருகே வைத்துப் படியுங்கள். எந்தப் பத்தி மேலே போயிருக்கிறது, எந்த வரி காணாமல் போயிருக்கிறது, எதற்காக உங்களுக்குத் திரும்பப் போன் வந்தது என்று பாருங்கள். அப்புறம் சக நிருபர்களின் காப்பியை, அவர்கள் சம்மதித்தால், அனுப்புவதற்கு முன் வாங்கிப் படித்துப் பாருங்கள்.

ஒரு மாதிரி காப்பி. இப்படித்தான் டெஸ்க்குக்கு வரும்:

"ஆற்றுப்பாலத்தில் விரிசல் ஏற்பட்டுள்ளதாகப் பொதுமக்கள் அளித்த தகவலின் பேரில் அதிகாரிகள் நேரில் சென்று ஆய்வு மேற்கொண்டனர். பாதுகாப்பு கருதி போக்குவரத்து தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. இதனால் அப்பகுதியில் பெரும் பரபரப்பு நிலவியது."

இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் அந்தப் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எல்லா வண்டிக்கும் தடையா, கனரக வாகனங்களுக்கு மட்டுமா? எத்தனை மணியிலிருந்து? மாற்றுப்பாதை எது, எவ்வளவு தூரம் சுற்ற வேண்டும்? ஆம்புலன்ஸ் எப்படிப் போகும்? "அதிகாரிகள்" என்றால் எந்தத் துறை? பாலத்தைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள்? நிருபருக்குப் போன் போட்டு இவற்றைக் கேட்டு வாங்கினால் லீடு (செய்தியின் முதல் வரி) தானாக வந்து நிற்கும்: "விரிசல் விட்ட ஆற்றுப்பாலத்தில் இன்று காலை 8 மணி முதல் பஸ், லாரி செல்லத் தடை, இருசக்கர வாகனங்களுக்கு மட்டும் அனுமதி." பரபரப்பு நிலவிய வரியை யோசிக்காமல் அடித்துவிடலாம். களத்தில் நின்றவருக்குத்தான் இந்தக் கேள்விகள் சட்டென்று தோன்றும், டெஸ்க்கிலேயே வேலையை ஆரம்பித்தவர்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். உங்களிடம் இருக்கும் பெரிய மூலதனம் இதுதான், டிஜிட்டலுக்குப் போகிறோம் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்து தலைப்பு. அச்சில் தலைப்புக்குப் பக்கத்திலேயே படம் இருக்கும், துணைத்தலைப்பு இருக்கும், எந்த ஊர்ப் பக்கம் என்பதும் தெரியும். இணையத்தில் தலைப்பு தனியாகப் பயணம் செய்கிறது: தேடலில், வாட்ஸ்அப்பில், போனின் பூட்டிய திரையில். அதனால் யார், எங்கே, என்ன என்பது முதல் சில சொற்களுக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் கூகுள் தேடல் முடிவில் நீளமான தலைப்பின் பின்பகுதி வெட்டுப்பட்டுவிடும், தமிழ் எழுத்துகளின் அகலத்துக்கு இன்னும் சீக்கிரமே வெட்டுப்படும். இதில் தமிழ் டெஸ்க்குக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சிஎம்எஸ்ஸில் எழுத்து எண்ணிக்கை காட்டும் பெட்டியை அப்படியே நம்பக் கூடாது. "தமிழ்" என்பது நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடு கணக்கில் ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஆங்கிலத்துக்காக வைத்த வரம்பைப் பார்த்து நல்ல தலைப்பைச் சிதைப்பவர்கள் உண்டு. எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஒரு சாதாரண போனில் அந்தத் தலைப்பு எப்படித் தெரிகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

யுஆர்எல்லிலும் கவனம் வேண்டும். பல சிஎம்எஸ்கள் முதலில் போடும் தலைப்பிலிருந்தே இணைப்பை உருவாக்கிக்கொள்ளும், பிறகு தலைப்பை மாற்றினாலும் அது பழையபடியே நிற்கும். விபத்துச் செய்தியின் இணைப்பில் "5 பேர் பலி" என்று போய்விட்டால், எண்ணிக்கை 8 ஆன பிறகும் அந்த 5 அங்கேயே இருக்கும். மாறக்கூடிய எண்ணை யுஆர்எல்லில் வைக்காதீர்கள். புஷ் நோட்டிஃபிகேஷன் இதைவிட மோசம். செய்தியைத் திருத்தலாம், ஏற்கெனவே போனில் போய் விழுந்த அறிவிப்பை வாசகர் பார்த்துவிட்டார் என்றால் பார்த்ததுதான். அதனால் புஷ் அனுப்பும் முன் இன்னொரு ஜோடிக் கண் அதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள், இரவு ஷிப்டில் ஒரே ஆள் இருந்தாலும் போனிலாவது ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பிரேக்கிங் நேரத்தில் பதற்றம் எல்லோருக்கும் வரும். 2013 ஏப்ரல் 23 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கை ஹேக் செய்தவர்கள், வெள்ளை மாளிகையில் இரண்டு குண்டுகள் வெடித்து ஒபாமா காயமடைந்ததாக ஒரு பதிவு போட்டார்கள். சில நிமிடங்களில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டவ் ஜோன்ஸ் குறியீடு 140 புள்ளிகளுக்கு மேல் சரிந்து, பொய் என்று தெரிந்ததும் மீண்டது. உலகமே நம்பும் செய்தி நிறுவனத்தின் கணக்குதான், ஆனாலும் அது ஒரே ஒரு வழி. அந்த நிறுவனத்தின் சொந்தச் செய்திச் சேவையில் அப்படி எதுவும் வரவில்லை என்று பார்த்திருந்தால் போதும், செய்தியை நிறுத்தி வைத்திருக்கலாம். எனவே எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்தாலும் இன்னொரு வழியில் ஒத்துப்பாருங்கள். படம், வீடியோ என்றால் கூகுள் லென்ஸ், டின்ஐ போன்றவற்றில் தலைகீழ்த் தேடல் (படத்தை வைத்தே தேடுவது) செய்து பழைய படமா என்று பாருங்கள், கடைப் பலகை, வண்டி எண், நிழல் விழும் திசை, அன்றைய வானிலை எல்லாம் சொல்லப்படும் இடத்தோடும் நேரத்தோடும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அப்புறம், அந்தப் பகுதியில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். பல நேரம் எல்லாக் கருவிகளையும் விட அதுதான் வேகம், அந்த எண்கள் உங்கள் போனில் இருப்பது நிருபராக இருந்ததால்தான்.

டிராஃபிக் எண்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். பார்க்க வேண்டும், ஆனால் யாருடைய எண், எதை அளக்கிறது என்று தெரிந்து பார்க்க வேண்டும். பேஸ்புக் தன் வீடியோக்களின் சராசரிப் பார்வை நேரத்தை இரண்டு ஆண்டுகளாகக் கூட்டிக் காட்டிவிட்டதாக 2016ல் ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று நியூஸ் ஃபீடை மாற்றியபோது அதையே நம்பியிருந்த செய்தித் தளங்கள் அடிவாங்கின. நேராக உங்கள் தளத்துக்கோ ஆப்புக்கோ வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள், எந்தப் பத்தியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பவற்றைப் பேஜ்வியூவுக்கு (பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற எண்ணுக்கு) முன்னால் பாருங்கள். ஒரு செய்தி ஓடவில்லை என்றால் முதலில் தலைப்பையும் போட்ட நேரத்தையும் சந்தேகப்படுங்கள், நிருபரைக் குறை சொல்வது கடைசியில்தான்.

அடையாளம் மறைக்க வேண்டிய செய்திகளில் பெயரைச் செய்தியின் உள்ளே எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. படக் கோப்பின் பெயர், டேக், கேப்ஷன், யுஆர்எல், ஏற்கெனவே போட்ட சமூக ஊடகப் பதிவு, யூடியூப் விவரப் பகுதி என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் பெயர் படக் கோப்பிலேயே தங்கியிருந்தால் தேடலில் அது வெளியே வரும், அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் கேட்டை எந்தத் திருத்தத்தாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. மற்றபடி தவறு நேர்ந்தால் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள். என்ன தவறு, எது சரி, எப்போது திருத்தப்பட்டது என்று செய்திக்குள்ளேயே ஒரு வரி போடுங்கள்.

ஏஐ கருவிகளை ஒலிப்பதிவை எழுத்தாக்குவதற்கும் நீண்ட ஆவணத்தில் தேடுவதற்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். பெயர், எண், மேற்கோள் மூன்றையும் மட்டும் மூலத்தோடு நீங்களே ஒத்துப்பாருங்கள்.

வேலைக்கு எப்படிப் போவது? இருக்கும் நிறுவனத்திலேயே யாரும் விரும்பாத ஞாயிறு ஷிப்டையோ இரவு ஷிப்டையோ கேட்டு வாங்குவது நல்ல வழி, அங்கே ஆள் குறைவு என்பதால் தலைப்பு முதல் புஷ் வரை எல்லாம் உங்கள் கைக்கு வரும். வெளியில் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் பைலைனோடு (உங்கள் பெயரோடு) வந்த செய்திகளை மட்டும் அடுக்காமல், நீங்கள் செம்மை செய்த காப்பிகளின் முன்வடிவையும் பின்வடிவையும் நிறுவனத்தின் அனுமதியோடு காட்டுங்கள், ஏன் அப்படி மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். தேர்வில் பெரும்பாலும் ஒரு மோசமான காப்பியும் கொஞ்ச நேரமும்தான் தருவார்கள். அழகாகத் திருத்திக் கொடுப்பவரைவிட, "இந்தத் தொகைகளின் கூட்டல் இடிக்கிறது, நிருபரிடம் கேட்க வேண்டும்" என்று ஓரத்தில் எழுதிக் கொடுப்பவரைத்தான் நான் எடுப்பேன்.

வேலை கிடைத்ததும் முதல் வாரமே உங்கள் நிருபர்கள் ஒவ்வொருவரிடமும் பேசிவிடுங்கள். யாருக்கு எந்த பீட்டில் (செய்தித் துறையில்) பிடிமானம், எந்த நேரத்தில் நெட் கிடைக்காது, யார் போட்டோ மட்டும் அனுப்பிவிட்டு விவரத்தைப் போனில் சொல்வார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும், பிரேக்கிங் வரும்போது அதை விசாரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.