கிண்ணத்தில் யார் பெயரும் இல்லாமல் ஒரு மென்பந்துச் சுற்றுப்போட்டி

திருகோணமலையில் மென்பந்துக் கிரிக்கெட் விளையாட ஆட்களுக்குப் பஞ்சமில்லை. உவர்மலை, திருக்கடலூர், பாலையூற்று, நிலாவெளி என்று எங்கே கேட்டாலும் ஒரு கழகம் இருக்கும், இறங்கி விளையாடப் பதினொரு பேரும் இருப்பார்கள். பஞ்சமெல்லாம் காசுக்குத்தான். அரசியல் உள்ளே வருவதும் அந்த வழியாகத்தான். நான் பல வருடமாக எங்கள் கழகத்தின் பொருளாளர். எந்த அரசியல்வாதியின் பெயரையும் கிண்ணத்தில் பொறிக்காமல் போட்டி நடத்த முடியும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று இங்கே சொல்கிறேன்.

முதலில் நாள். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை, அதை நம்பி மைதானம் கேட்க வேண்டாம். மே முதல் ஓகஸ்ட் வரை நல்லது, ஆனால் பகலில் கச்சான் காற்று அனலாக அடிக்கும். காலை 7 மணிக்குத் தொடங்கி 12க்கு நிறுத்துங்கள், பிறகு 3 மணியிலிருந்து 6 வரை. கோவில் திருவிழா, நோன்பு, ஜும்மா நேரம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் திகதி போட வேண்டும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் விளையாட வராத போட்டியைத் திருகோணமலைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அறிவிப்பையும் தமிழிலும் சிங்களத்திலும் செய்யுங்கள். இரவில் கடலுக்குப் போய் விடிய கரைக்கு வரும் பொடியன்களின் அணிக்குக் காலை முதல் ஆட்டத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஆட்டமுறை. 16 அணிகளை எடுத்து, தோற்றால் வெளியே என்று வைத்தால் மொத்தம் 15 ஆட்டம். எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். 12 அணிகளை மூன்று மூன்றாக நான்கு குழுவாகப் பிரித்தால் குழு ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1. அதுவும் 15தான்! ஆனால் ஒவ்வொரு அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் கிடைக்கும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு அந்தப் பக்க அணிகள் பாதைக்கு, அதாவது ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் படகுக்கு, காத்து நிற்க வேண்டியதில்லை, உண்மைதான். என்றாலும் ஆட்டோ பிடித்து வந்தவர்களை ஒரு மணித்தியாலத்தில் திருப்பி அனுப்புவது சரியில்லை. ஆறு ஓவர் ஆட்டம் ஒரு மணித்தியாலத்தில் முடியும், முதல் நாள் எட்டு, மறுநாள் ஏழு. புள்ளி சமமானால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி, அணித் தலைவர்களிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இனி காசு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முழுச் செலவையும் ஒருவரே தருகிறேன் என்று வருவார். வேண்டாம். நாங்கள் விளையாடப் போன ஒரு போட்டியில் அப்படித்தான் நடந்தது. அனுசரணை தந்த வேட்பாளர் வரும்வரை இறுதியாட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். அவர் வந்து பேசி முடிக்க வெளிச்சம் போய்விட்டது. கடைசியில் நாணயம் சுண்டித்தான் வெற்றியைத் தீர்மானித்தார்கள். இரண்டு நாள் வெயிலில் ஓடிய பிள்ளைகளின் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

அவர்கள் ஏன் ஒரு சின்னக் கழகத்தைத் தேடி வருகிறார்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். திருகோணமலை மாவட்டத்துக்கு நான்கு நாடாளுமன்ற ஆசனங்கள்தான். கட்சிக்கு விழும் வாக்கு ஒருபுறம் இருக்க, ஒரே பட்டியலில் இருப்பவர்கள் விருப்பு வாக்குக்காகத் தங்களுக்குள்ளேயே போட்டி போடுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கழகத்தைச் சுற்றியுள்ள நூறு வீடுகள் அவர்களுக்குப் பெரிய விசயம். 2024 செப்டம்பரில் ஜனாதிபதித் தேர்தல், நவம்பரில் பொதுத் தேர்தல், 2025 மேயில் உள்ளூராட்சித் தேர்தல் என்று அடுத்தடுத்து வந்தால் கிண்ணம் தர ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

மேல்மட்டத்தில் தலையீடு என்ன செய்யும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டத்தை இடைநிறுத்தியது. அதே வருடம் நவம்பர் 10ஆம் திகதி அரசாங்கத் தலையீட்டைக் காரணம் காட்டி சர்வதேச கிரிக்கெட் பேரவை (ஐ.சி.சி.) இலங்கை கிரிக்கெட்டை இடைநிறுத்தியது. இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போனது. சொந்த மண்ணில் ஆடும் வாய்ப்பை இழந்தது அந்தப் பிள்ளைகள்தானே.

ஆகவே மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எவரிடமும் வாங்குவதில்லை என்று கழகக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். என்.சி. வீதி, மத்திய வீதிக் கடைக்காரர்களிடம் சின்னச் சின்னத் தொகையாகக் கேளுங்கள். காசு தர முடியாதவர் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தலோ, நடுவர்களுக்குச் சாப்பாடோ தரட்டும். பதாகை ஒன்றுதான், அதில் எல்லோர் பெயரும் ஒரே அளவு எழுத்தில். அணிகளின் நுழைவுக் கட்டணம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் போதுமானதாக இருக்கட்டும். கிண்ணத்தில் போட்டியின் பெயரும் வருடமும் மட்டும்.

அரசியல்வாதி ஆட்டம் பார்க்க வந்தால் மரியாதையாக வரவேற்று, மற்றவர்களோடு ஒரு கதிரை கொடுங்கள். பொன்னாடை, மாலை, பேச்சு வேண்டாம். பிரதம அதிதியாக மைதானத்தைத் துப்புரவு செய்பவரை அழையுங்கள். எங்களிடம் ஒருமுறை அவர் கிண்ணம் கொடுத்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது.

நடுவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்க வேண்டும். கைத்தொலைபேசி வீடியோவைக் காட்டி முடிவை மாற்றக் கூடாது என்பதையும் விதியில் சேருங்கள், இப்போது பெரும்பாலான சண்டை அதில்தான் தொடங்குகிறது. விநாடிக்கு 30 படம் எடுக்கும் கமராவில், ஓடும் ஆள் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறக்குறைய ஒரு சாண் தூரம் போய்விடுவார். அதுவும் எல்லைக்கோட்டில் சரிவாக நின்று எடுத்த வீடியோ. அதை வைத்து ரன் அவுட் தீர்க்க முடியாது.

குப்பைக்குச் சாக்குகளை முதல் நாளே கட்டி வையுங்கள். நகரத்தில் மான்கள் திரிகின்றன, சொப்பிங் பையை விட்டுவிட்டுப் போனால் அவைதான் தின்னும்.

போட்டி முடிந்து ஒரு வாரத்துக்குள் வரவு செலவை, பற்றுச்சீட்டுகளின் படத்தோடு, காசு தந்தவர்களுக்கும் பன்னிரண்டு தலைவர்களுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். யாராவது கேள்வி கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்று தலைவர்களே முடிவெடுக்கட்டும். போன தடவை மூதூர் அணித் தலைவர் சொன்னபடி ஒரு பாடசாலைக்கு விக்கெட்டும் மட்டையும் வாங்கிக் கொடுத்தோம்.