மெகாவாட்டை மட்டும் பார்த்து மின்சாரக் கணக்குப் போடாதீர்கள்

கரண்ட் போனால் போதும், நிலக்கரி இத்தனை மெகாவாட், சோலர் இத்தனை என்று ஒரு பட்டியல் யாழ்ப்பாணத்து போன்களில் சுற்றத் தொடங்கிவிடும். பட்டியல் சரியாகவே இருக்கலாம், அதை வாசிப்பதில்தான் பிழை.

மெகாவாட்டையும் யூனிட்டையும் குழப்பாதீர்கள். மெகாவாட் என்றால் ஒரு நிலையம் ஒரு நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்பது. யூனிட் என்றால் அது உண்மையில் தந்தது, நாங்கள் காசு கட்டுவது. ஒரு மெகாவாட் என்பது ஆயிரம் கிலோவாட், ஒரு கிலோவாட் ஒரு மணிநேரம் ஓடினால் ஒரு யூனிட். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று, மொத்தம் 900. மூன்றும் நாள் முழுக்க நிற்காமல் ஓடினால் 2 கோடியே 16 இலட்சம் யூனிட். அதே 900 மெகாவாட்டைக் கூரைகளில் சோலராகப் போட்டால்? எங்கள் பக்க வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட் அளவில் கிடைக்கும், அப்படிப் பார்த்தால் 36 இலட்சம்தான், ஆறில் ஒரு பங்கு. சோலர் வேண்டாம் என்று சொல்லவில்லை, இந்த வெயிலை வீணாக்கவே கூடாது. ஆனால் பட்டியலில் இரண்டும் சமமாக நிற்பதைப் பார்த்து இனி நிலக்கரி தேவையில்லை என்று எழுதாதீர்கள்.

அப்புறம் நேரம். இரவு ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் லைட்டும் ஃபேனும் ஓடும்போது, பற்றரி இல்லாத சோலர் பூச்சியம். ஞாயிறு பகலிலோ தேவை குறைவு, ஆனால் வெயில் குறையாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது எல்லாரும் பாணந்துறை உபமின்நிலையத்தில் பாய்ந்த குரங்கைத்தான் பேசினார்கள். ஆனால் அது ஞாயிறு, சோலரின் பங்கு கூடி, பெரிய சுழலிகள் குறைவாக ஓடிய வேளை. திடீர் அதிர்ச்சியைத் தாங்குவது அந்தச் சுழலிகளின் சுழல் வேகம்தான், அதனால்தான் ஒரு அதிர்ச்சியைக்கூட மின்வலையால் தாங்க முடியவில்லை.

காற்றும் அப்படித்தான், மன்னார் தம்பபவனி காற்றாலையின் 103.5 மெகாவாட் சோளகக் காற்றுக் காலத்தில் தருவதைச் சித்திரையில் தராது. விக்டோரியா நீர்மின் நிலையத்தின் 210 மெகாவாட் இயந்திரத்தின் அளவு, தண்ணீர் இருந்தால்தான் அது ஓடும். எண்ணெய் நிலையங்களையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டாதீர்கள்: 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வெட்டினார்களே, அப்போதும் நிலையங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, எண்ணெய் வாங்க டொலர்தான் இல்லை.

சுன்னாகத்தில் 24 மெகாவாட் உத்துரு ஜனனி எண்ணெய் நிலையம், பளையில் காற்றாலை, பிறகேன் எங்களுக்குக் கட் என்று கேட்பவர்களும் உண்டு. யுத்த காலத்தில் குடாநாடு தெற்கின் லக்சபான மின்சாரத் தொடர்பில்லாமல் தனியாக ஓடியது, இப்போது எல்லாம் ஒரே வலை. அந்த வலை விழுந்தால் பளைக் காற்றாலையும் உங்கள் கூரை சோலரும் தாமாகவே நின்றுவிடும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் வைத்திருப்பவர் வீட்டில்தான் லைட் எரியும்.