கடையில் தொடுதிரை: விருப்பப்படி செய்துதரும் பொருளைக் காட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு சோபாவுக்கு 8 வகைத் துணி, ஒவ்வொன்றிலும் 6 நிறம், 5 வகைக் கால், 4 அளவு என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 960 சோபா வருகிறது. அத்தனையையும் தரையில் போட்டுக் காட்ட எந்தக் கடையிலும் இடம் இருக்காது. அதனால் ஒன்றிரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதைத் தொடுதிரையில் காட்டுகிறார்கள். காலணி, சைக்கிள், மூக்குக் கண்ணாடி, சமையலறை அலமாரி என்று வாங்குபவர் விருப்பத்துக்குச் செய்துதரும் எந்தப் பொருளுக்கும் கணக்கு இதுதான்.

கணக்கு சரி. ஆனாலும் நிறைய கடைகளில் சில மாதங்களுக்குள் அந்தத் திரை ஒரு மூலையில் விளம்பரப் படம் ஓட்டிக்கொண்டு நிற்கிறது. திரையின் தரம் இதற்குக் காரணமாக இருப்பது குறைவு. தொட்டுப் பார்க்கும் மாதிரி, அருகில் நிற்கும் விற்பனையாளர், தொழிற்சாலைக்குப் போகும் ஆர்டர் ஆகிய மூன்றோடும் திரையை இணைக்காமல் தனியாக நிறுத்திவிடுகிறார்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இருப்பதை எல்லாம் ஒரே பக்கத்தில் கொட்டுவது

நம்மிடம் இவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஆசைப்படுவது இயல்பு. ஆனால் வாடிக்கையாளர் பட்டியல் படிக்க வரவில்லை, ஒரு முடிவெடுக்க வந்திருக்கிறார். 2000-ல் உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்ட ஜாம் ஆய்வைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 24 வகை ஜாம் வைத்த மேசை அதிகம் பேரை இழுத்தது. ஆனால் அங்கே நின்றவர்களில் சுமார் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை மட்டும் வைத்தபோது நின்றவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் வாங்கினார்கள்.

இதை வைத்து 'தேர்வுகளைக் குறைத்தால் விற்பனை கூடும்' என்று விதி எழுதிவிடவும் கூடாது. 2010-ல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யமாக வந்தது. 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, எப்போது அதிகத் தேர்வுகள் தொல்லை தருகின்றன என்று பிரித்துக் காட்டியது: தனக்கு என்ன பிடிக்கும் என்று வாங்குபவருக்கே தெளிவில்லாதபோது, தேர்வுகளை ஒப்பிடுவது சிக்கலாக இருக்கும்போது, முடிவே கடினமாக இருக்கும்போது. முதல் முறையாக ஒரு சோபாவையோ அலமாரியையோ தானே வடிவமைக்கிறவர் பெரும்பாலும் இந்த மூன்றிலும் மாட்டிக்கொண்டுதான் திரை முன் நிற்கிறார்.

அதனால் வெற்றுப் பக்கத்தில் தொடங்க வைக்காதீர்கள். முழுதாக முடித்த, பார்க்க நன்றாக இருக்கும் நாலைந்து டிசைன்களைக் காட்டுங்கள். ஒன்றைத் தொட்டு அதை மாற்றத் தொடங்கட்டும். 'எனக்கு இது பிடிக்கவில்லை' என்று சொல்வது எல்லோருக்கும் எளிது. பெரிய முடிவுகள் முன்னால் வரட்டும்: முதலில் அளவு, பிறகு துணி, நிறம், கடைசியில் கால். இந்த வரிசை தலைகீழானால், கால் வரை ஆசையாகத் தேர்ந்தெடுத்தவரிடம் அளவு கேட்டபோதுதான் அந்தக் கால் அந்த அளவுக்கு வராது என்று தெரியும்.

பொருந்தாத சேர்க்கைகளை இரண்டு விதமாகத் தவறாகக் கையாளுகிறார்கள். எதையும் தேர்ந்தெடுக்க விட்டுவிட்டு இறுதியில் பிழை என்று சொல்வது ஒன்று. சத்தமில்லாமல் ஒளித்துவிடுவது அல்லது தானே மாற்றிவிடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் மோசம் என்பேன். வாடிக்கையாளர் அளவை மாற்றினார், திரை காலை மாற்றியது, அவர் கவனிக்கவில்லை, வீட்டுக்கு வேறு கால் வைத்த சோபா வந்து இறங்குகிறது. கிடைக்காததை மங்கலாகக் காட்டி, ஏன் கிடைக்காது என்று ஒரு வரியில் சொல்லி, 'இது வேண்டுமானால் அளவை மாற்றலாம்' என்று வழியும் காட்டினால் போதும்.

திரையில் தெரியும் நிறத்தை நம்பச் சொல்வது

ஆர்டர் செய்த பொருள் வந்து இறங்கியதும் 'நான் பார்த்த நிறம் இது இல்லையே' என்ற பேச்சு வந்தால், சமாதானம் செய்வது கடினம். விருப்பப்படி செய்த பொருளைத் திரும்ப எடுத்தாலும் வேறொருவருக்கு விற்பது சிரமம். இந்த வம்பு பெரும்பாலும் திரையை நிறத்துக்குச் சாட்சியாக வைப்பதால் வருகிறது.

திரை தானே ஒளி விடுகிறது. துணி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. பெரும்பாலான திரைகள் பின்பற்றும் எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிறத் தரமுறையில் வெள்ளை என்பது சுமார் 6500 கெல்வின், அதாவது பகல் வெளிச்சத்துக்கு நெருக்கமான வெண்மை. கடைகளில் பெரும்பாலும் அதைவிட மஞ்சளான விளக்குகளே எரியும். 3000, 4000 கெல்வின் என்பது சாதாரணம். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்குத் திரையின் வெள்ளை கொஞ்சம் நீலமாகத் தெரியும். அதோடு, ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கின் கீழ் வேறு வேறாகத் தெரியலாம். உலோக மினுக்கு, ஒளிரும் சாயம், மிக அடர்ந்த சில நீலப்பச்சைகள் ஆகியவற்றைச் சாதாரணத் திரையால் அப்படியே காட்டவே முடியாது.

திரை தொழிற்சாலையிலிருந்து வரும்போதே நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் அமைப்பில்தான் பெரும்பாலும் இருக்கும். முதலில் அந்த அமைப்பை அணையுங்கள். நிறமானி வைத்து அளந்து சரிசெய்யுங்கள். நாளாக ஆகத் திரையின் ஒளி மாறும் என்பதால் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் நிறத்துக்கான கடைசி வார்த்தை மாதிரித் துண்டுடையதாகவே இருக்க வேண்டும். திரையை ஒட்டியே ஒரு தட்டில் துணி, தோல், மரத் துண்டுகளை வையுங்கள். திரையில் உள்ள பெயரும் எண்ணும் துண்டின் பின்னாலும் அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு மின்னணுச் சில்லு (சிப்) ஒட்டி, தட்டில் வைத்ததும் திரையில் உள்ள சோபா அந்தத் துணிக்கு மாறும்படி செய்ய முடியும். செலவு இருக்கிறது, ஆனால் விரலால் நிறப்பட்டியலை நகர்த்துவதைவிட இதில் ஈடுபாடு அதிகம். எதுவுமே முடியாவிட்டால், ஆர்டரை உறுதி செய்யும் முன் விற்பனையாளர் அந்தத் துண்டை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்வது என்ற பழக்கமாவது வேண்டும்.

நிறத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு அளவைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. 2 சென்டிமீட்டர் கட்டம் போட்ட துணி, திரைச் சோபாவில் 6 சென்டிமீட்டர் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு துணிதான். துணியின் படத்தைத் திரைச் சோபாவின் மேல் போர்த்தும் மென்பொருள்காரருக்குத் துணிக் கட்டத்தின் உண்மை அளவைக் கொடுங்கள். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். காலணி, கைப்பை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் நிஜ அளவிலேயே காட்டலாம். ஆளுயரப் பொருளாக இருந்தால் பக்கத்தில் ஒரு மனித உருவத்தை நிறுத்தலாம்.

இணையதளத்தை அப்படியே பெரிதாக்கி மாட்டுவது

செலவு குறைவு என்று கடையின் இணையதளத்தையே பெரிய திரையில் திறந்து வைத்துவிடுகிறார்கள். ஃபோனில் ஆப்பிள் 44 புள்ளிகளையும் ஆண்ட்ராய்டு 48 அலகுகளையும் (சுமார் 9 மில்லிமீட்டர்) தொடும் பட்டனுக்குக் குறைந்த அளவாகச் சொல்கின்றன. பெரிய திரையில் பட்டன் தானாகவே பெரிதாகிவிடும், அதனால் பிரச்சினை வேறு இடத்துக்குப் போகிறது: தூரம். மெனு இடது மேல் மூலையில், 'அடுத்து' வலது கீழ் மூலையில் என்றால் ஒவ்வொரு படிக்கும் கையை ஒரு மீட்டருக்கு மேல் வீச வேண்டும். நேராக நிற்கும் திரையில் கையைத் தூக்கியபடியே வேலை செய்தால் சில நிமிடங்களில் தோள் வலிக்கும். படம் மேலே, பட்டன்கள் எல்லாம் கீழ்ப்பாதியில் நெருக்கமாக இருக்கட்டும். அப்போதுதான் தொடும் கை படத்தை மறைக்காது.

சக்கர நாற்காலியில் வருபவருக்கும் இதே அமைப்புதான் உதவும். அமெரிக்காவின் 2010 அணுகல் தரநிலைகளில், தடையில்லாத இடத்தில் கை எட்டும் உயரம் தரையிலிருந்து 38 முதல் 122 சென்டிமீட்டர் வரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த அணுகல் சட்டம், தகவல் தரும் சுயசேவை இயந்திரங்களையும் உள்ளடக்குகிறது. சட்டம் இல்லாத இடத்திலும் இந்த அளவுகளைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

சுட்டியை மேலே கொண்டுபோனால் விரியும் மெனு தொடுதிரையில் வேலை செய்யாது. இரண்டு விரல் சுழற்று, மூன்று விரல் தள்ளு போன்றவற்றை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஒரு விரலால் பொருள் சுழல வேண்டும், அதற்கு ஒரு சிறிய குறிப்பும் தெரிய வேண்டும். வாங்கும் முன் தொடும் தொழில்நுட்பத்தையும் விசாரியுங்கள். ஃபோனில் உள்ளது போன்ற மின்தேக்குத் திரை சாதாரணக் கையுறைக்கு மசியாது. விளிம்பிலிருந்து அகச்சிவப்புக் கதிர் பாய்ச்சி, அது மறைவதை வைத்து விரலை உணரும் திரை கையுறையை ஏற்கும், ஆனால் நீண்ட சட்டைக்கை உரசினாலும், ஓரத்தில் தூசி படிந்தாலும், நேர் வெயில் பட்டாலும் தவறாகத் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்.

வேகத்துக்கு ஒரு பழைய அளவுகோல் இன்னும் நிற்கிறது. 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் நம் கையே அதைச் செய்தது போல இருக்கும், 1 விநாடி வரை சிந்தனை அறுபடாது, 10 விநாடியைத் தாண்டினால் கவனம் போய்விடும். முப்பரிமாண மாதிரி கனமாக இருந்தால் முதலில் எளிய படத்தை மாற்றிக் காட்டிவிட்டு, நுணுக்கத்தைப் பின்னால் நிரப்பலாம். படங்களைக் கடைக்குள்ளேயே ஒரு கணினியில் வைத்துக்கொண்டால் இணையம் துண்டித்தாலும் திரை நிற்காது.

விலையைக் கடைசிவரை மறைப்பது

ஒவ்வொரு மாற்றத்தோடும் மொத்த விலையும், அந்த மாற்றத்துக்குக் கூடும் தொகையும், பொருள் கைக்கு வரும் நாளும் தெரியட்டும். எல்லாவற்றிலும் விலையுயர்ந்ததை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைப்பதும் ஒருவகை மறைப்புதான். அதைக் கண்டுபிடித்த வாடிக்கையாளர் மீதித் தேர்வுகளையும் சந்தேகப்படுவார்.

செய்த டிசைனைத் தொலைய விடுவது

வாடிக்கையாளர் பத்து நிமிடம் செலவழித்து ஒரு சைக்கிளை வடிவமைக்கிறார். வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று நகர்கிறார். திரும்பி வந்தால் திரை முதல் பக்கத்தில் இருக்கிறது. அவர் மறுபடி தொடங்க மாட்டார். திரை பழையபடி மாறும் முன் 'இன்னும் இருக்கிறீர்களா?' என்று கேட்க வேண்டும், டிசைனுக்கு ஒரு குறுகிய எண்ணோ கியூஆர் குறியீடோ தர வேண்டும். அதைத் தருவதற்கு முன்னால் ஃபோன் நம்பர் கேட்டு மறிக்காதீர்கள். மறுபக்கம், ஒருவர் பெயரோ நம்பரோ கொடுத்திருந்தால் அவர் போனதும் அது திரையிலிருந்து முழுதாக அழிய வேண்டும். அடுத்தவர் அதைப் பார்ப்பது அவமானகரமான தவறு.

அந்த எண் விற்பனையாளரின் கணினியில் திறந்தாலும், வாடிக்கையாளர் வீட்டில் ஃபோனில் திறந்தாலும் அதே டிசைன் வர வேண்டும். ஆர்டராக மாறும்போது உதிரிபாக எண்களாகவே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். நடுவில் ஒருவர் திரையைப் பார்த்துத் தாளில் எழுதி, இன்னொருவர் அதைத் தட்டச்சு செய்தால், திரையில் போட்ட உழைப்பெல்லாம் அந்த இடத்தில் பிழையாகிவிடும்.

இந்தச் சங்கிலி எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜப்பானில் பானாசோனிக் பெயரில் சைக்கிள் விற்ற நேஷனல் பைசிக்கிள் நிறுவனம் 1987-ல் தொடங்கிய முறை நல்ல சான்று. கடையில் ஒரு அளவுச் சட்டத்தில் வாடிக்கையாளரை உட்கார வைத்து அளந்தார்கள், விவரத்தை ஃபேக்ஸில் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வகைகளில் ஒன்றாக அவருக்கான சைக்கிள் தயாரானது. வாடிக்கையாளர் தொட எந்தத் திரையும் அங்கே இல்லை. அளக்கத் தெரிந்த கடைக்காரரும், அளவு அப்படியே போய்ச்சேரும் வழியும் இருந்தன.

விற்பனையாளரை ஓரங்கட்டுவது

திரை வழியாக வரும் விற்பனை யார் கணக்கில் சேரும் என்று சொல்லாமல் விட்டால், ஊழியர்கள் வாடிக்கையாளரை அதன் பக்கமே அனுப்ப மாட்டார்கள். அவர்கள் மீது குறை சொல்ல முடியாது. டிசைன் எண்ணோடு விற்பனையாளர் பெயரையும் சேர்க்கும் ஏற்பாடு முதல் நாளே இருக்கட்டும். திரை முன்னால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நிற்க இடம் விடுங்கள், ஏனென்றால் இப்படிப்பட்ட பொருளைப் பலர் குடும்பத்தோடு வந்துதான் முடிவு செய்கிறார்கள்.

அப்புறம் பராமரிப்பு. நின்றுபோன துணி இன்னும் திரையில் இருக்கிறது, பழைய விலை மாறவில்லை என்றால் யார் பார்ப்பது? ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். வீட்டு டிவியை வாங்கி நாள் முழுக்க ஓட்டாதீர்கள், அது அதற்காகச் செய்ததில்லை. ஓஎல்இடி திரையில் கடையின் முத்திரை ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் நாளடைவில் அதன் நிழல் படிந்துவிடும். மென்பொருள் புதுப்பிப்பு அறிவிப்பு நடுவில் குதிக்காதபடி பூட்டி வையுங்கள். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், திரைமேல் நேராக வேண்டாம்.

எத்தனை முறை தொட்டார்கள் என்ற எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை, குழந்தைகள் விளையாடினாலும் அது கூடும். எந்தப் படியில் விட்டுப் போனார்கள், கொடுத்த டிசைன் எண்களில் எத்தனை ஆர்டராகத் திரும்பி வந்தன என்று பாருங்கள். துணிப் பக்கத்திலேயே பலர் நின்றுவிடுகிறார்கள் என்றால், மென்பொருள்காரரைக் கூப்பிடும் முன் மாதிரித் துண்டுகள் தட்டில் இருக்கின்றனவா, எண்கள் திரையோடு ஒத்துப்போகின்றனவா என்று ஒருமுறை சரிபாருங்கள்.