டிவி கணினிக்கு எந்த ரிமோட் ரிசீவர்?

சுங்கை சிப்புட் வீட்டில் படம் பார்க்கவே ஒரு சின்னக் கணினி வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு மவுஸ் பழக்கமில்லை. அவர் ரிமோட்டிலேயே கணினியை இயக்க, ரிமோட்டின் சைகையைக் கணினிக்கு வாங்கித் தரும் ரிசீவர் தேடியபோது தெரிந்துகொண்டவை இவை.

முதலில் கணினி இருக்கும் இடத்தைப் பாருங்கள். அலமாரியின் மரக்கதவுக்குப் பின்னால் என்றால் அகச்சிவப்பு ரிசீவர் வேண்டாம், அந்த ஒளி மரத்தைத் தாண்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட் வாங்குங்கள். ஆனால் அதன் டாங்கிளை, அதாவது கணினியில் செருகும் சின்ன ரிசீவரை, நீல நிற யுஎஸ்பி 3.0 துளைக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். அங்கிருந்து எழும் இரைச்சல் அதே அலைவரிசையில் விழும். பொத்தான் சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. ஒரு முழ யுஎஸ்பி நீட்டிப்பு வயர் போட்டுத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கணினி கண்ணெதிரே இருந்தால் அகச்சிவப்பே நல்லது. அதில் ஃபிளர்க் (Flirc) என்ற யுஎஸ்பி ரிசீவர் போல, இருக்கிற ரிமோட்டையே கற்றுக்கொள்ளும் வகையைத்தான் நான் சொல்வேன். பொத்தானைக் கீபோர்டு விசையாக மாற்றி அனுப்புவதால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கோடி (Kodi) என்ற படம் பார்க்கும் செயலி உடனே புரிந்துகொள்ளும். அம்மாவும் கை பழகிய ரிமோட்டை விட வேண்டியதில்லை. எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

வாங்குமுன் கேளுங்கள்: உறங்கும் கணினியை அது எழுப்புமா? எழுப்பும் என்று சொல்லியும் எழவில்லையென்றால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) இஆர்பி (ErP) என்ற மின்சேமிப்பை அணைத்துப் பாருங்கள். அது போட்டிருந்தால் யுஎஸ்பிக்கு மின்சாரமே போகாமலிருக்கலாம்.